பச்சைப் பாய்

தை மாதத்துப் பனியில் ஊறிய புல் வெறுங்காலுக்கு முதலில் ஊசியாகக் குத்தும். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகும். மரத்த பிறகுதான் வேலை ஓடும்.

ஆஞ்சலா முட்டியை மடக்கி உட்கார்ந்து, முந்தைய நாள் ஆட்டக்காரர்களின் மட்டை பெயர்த்தெறிந்த குழிகளை மூடிக்கொண்டிருந்தாள். வாளியிலிருந்து மணலும் விதையும் கலந்த ஒரு பிடி. உள்ளங்கையால் ஒரு தட்டு. விளிம்பில் கட்டைவிரலால் ஓர் அழுத்தல். பக்கத்தில் பாஞ்சாலி களைக்கொத்தியால் கோரைக்கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்தாள். லட்சுமம்மா நீண்ட மூங்கில் கழியைப் புல்லின் மேல் வீசிப் பனியைத் தட்டிக்கொண்டே போனாள். கழி போன வழியில் புல் கரும்பச்சையாக எழுந்து நின்றது. மதிலுக்கு அப்பால் முதல் மெட்ரோ ரயில் வெளிச்சத்தோடு ஓடி மறைந்தது. பெங்களூர் அப்போதுதான் கண் விழித்தது. இவர்களுக்கு அதற்குள் இடுப்பு பிடித்திருந்தது.

கோல்ஃப் மைதானத்தில் பந்து போய் விழ வேண்டிய ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்குகிற இடம் ஒரு சிறு மேடை. அதற்கு டீ என்று பெயர். முதல் அடி அங்கிருந்துதான். அந்த மேடைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை டீ கேங் என்பார்கள். கிளப்புக்கு நேரடி ஆட்கள் அல்ல, காண்ட்ராக்ட்.

மேடையின் மேல் செருப்போடு ஏறக் கூடாது என்பது கிளப்பின் பழைய வழக்கம். நீர் விட்டு மெத்தென்று வைத்திருக்கும் புல்லில் ரப்பர் செருப்பின் விளிம்பு பதிந்தால் ஆட்டக்காரரின் நிலை குலையுமாம். அவர்கள் முள் வைத்த ஷூவோடு ஏறலாம். அந்த முள்ளால் மேடைக்கு நல்லது என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்திருந்தார்கள். பெண்கள் பாதையோரம் செருப்பைக் கழற்றி வரிசையாக விடுவார்கள். ஒரு மேடை முடிந்து அடுத்ததற்குப் போகும்போது செருப்பு வரிசையும் கூடவே போகும். ஒருமுறை நாய் ஒன்று லட்சுமம்மாவின் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. அதற்கப்புறம் பேட்டரி வண்டி ஓட்டும் லாயிட் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா லட்சுமம்மா, செருப்பு எந்தக் குழியில விழுந்துச்சு?" என்று கேட்பான்.

மாசி பிறந்ததும் லாரியில் பெரிய சுருள்கள் வந்து இறங்கின. பிளாஸ்டிக் புல். இயந்திரம் வைத்து மேடையின் மேல்மண்ணைச் சுரண்டினார்கள். வேரும் மண்ணும் பின்னிக் கம்பளமாகக் கிடந்த புல், குப்பை வண்டியில் ஏறிப் போனது. கல்தூள் பரப்பி, பசை ஊற்றி, சுருளை விரித்தார்கள். பச்சை இழைகளுக்கு நடுவே கறுப்பு ரப்பர்த் துகளைக் கொட்டித் தேய்த்தார்கள். பசையின் நெடி நாள் முழுக்கத் தொண்டையில் உட்கார்ந்திருந்தது. ஆஞ்சலா மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது சோற்றின் மேல் கறுப்புத் துகள்கள். ஊதினாள். போகவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டுச் சாப்பிட்டாள். வாயில் டயரின் ருசி வந்தது.

பெண்கள் அதைப் பாய் என்று அழைத்தார்கள்.

முதலில் ஆறு மேடைகளுக்கு மட்டும். மெம்பர்களுக்குப் பிடித்திருந்தால் மழைக்காலத்துக்குள் எல்லா மேடைக்கும் பாய் வரும் என்று கிளப் கேப்டன் நரேஷ் சொல்லியிருந்தார். அந்தச் செய்தியைக் கொண்டுவந்த மேஸ்திரி கோவிந்தப்பா அதற்கு அடுத்ததையும் சேர்த்தே சொன்னான். பாயில் குழி விழாது. களை முளைக்காது. அப்புறம் இத்தனை பேர் எதற்கு? பாதிப் பேரை நிறுத்திவிடுவார்கள்.

பாஞ்சாலி அப்போது களைக்கொத்தியின் கைப்பிடியைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுவதை நிறுத்தவில்லை. அவள் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். கணவன் கைவிட்ட மகளும் பேத்தியும் அவளோடு ஓர் அறையில் இருந்தார்கள். சுவரில் ஒரு புத்தர் படம், அதன் கீழே சர்க்கரை நோய் மாத்திரைகள். நிறுத்துகிறவர்கள் வயசானவளைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆக, எல்லாம் மெம்பர்களின் அபிப்பிராயத்தில் தொங்கியது. மெம்பர்கள் அபிப்பிராயத்துக்குக் குறைவைக்கவில்லை.

மேடையோரம் குந்தி வேலை செய்கிற பெண்களுக்குக் காது உண்டு என்ற நினைப்பே இல்லாமல் அவர்கள் இங்கிலீஷில் பேசினார்கள். ஆஞ்சலா பிரேசர் டவுனில் ஒரு வீட்டில் பல வருஷம் குழந்தை பார்த்தவள். அங்கே காதில் ஏறிய இங்கிலீஷ் இங்கே பயன்பட்டது. ஒருவர், பந்தை வைக்கும் மரக்குச்சி பாயில் இறங்கவே இல்லை, கால்மிதியில் நின்று ஆடுவது போலிருக்கிறது என்றார். இன்னொருவர் அடித்த அடியின் அதிர்ச்சி முழங்கை வரை ஏறுகிறது என்று கையைத் தேய்த்துக்கொண்டார். வீணா என்ற மெம்பர், வெயில் ஏறினால் மெக்கானிக் ஷெட் நாற்றம் அடிக்கிறது என்று மூக்கைச் சுளித்தாள். தன் மட்டையின் அடியில் பச்சைச் சாயம் ஒட்டிக்கொண்டதைக் காட்டி ஒருவர் அழாத குறையாகப் புலம்பினார். பரவாயில்லை, மழையில் ஷூ சேறாகாது, மட்டமாக இருக்கிறது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் கொஞ்சம்தான்.

எல்லாரையும்விட அழகாகப் பேசியவர் சஞ்சய். கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருப்பவர். புல் என்பது உயிர், அதன் மேல் நிற்கும்போது பூமி நம் எடையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது, இந்தப் பிளாஸ்டிக் எதையும் வாங்கிக்கொள்வதில்லை என்றார். கடைசியில் இது ஓர் அருவருப்பு என்று முடித்தார்.

மத்தியானம் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஆஞ்சலா அத்தனையையும் நடித்துக் காட்டினாள். முழங்கையைத் தேய்த்தாள். மூக்கைச் சுளித்தாள். சஞ்சயைப் போல மார்பில் கை வைத்து, அருவருப்பு என்றாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாஞ்சாலிகூடச் சிரித்தாள். மெம்பர்களுக்கே ஆகவில்லை என்றால் பாய் எங்கே நிற்கும்? நாம் வாயைத் திறந்து கெட்ட பேர் வாங்காமல் இருந்தால் போதும், அதுவாகப் போய்விடும் என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

லட்சுமம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மண்டியாப் பக்கத்துக் கன்னடக்காரி. இந்தப் பெண்களோடு பழகிய தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"அவங்களுக்குப் புடிக்கலன்னா பாய் போவும். நமக்குப் புடிக்கலன்னா நாம போவோம். ரெண்டும் ஒண்ணா?"

யாரோ அவளை அடக்கினார்கள்.

பங்குனிக்குள் வெயில் ஏறிவிட்டது. புல் இருந்த காலத்தில் எந்த வெயிலிலும் மேடையில் கால் வைக்க முடியும். வேரின் ஈரம் உள்ளங்காலுக்கு வரும். பாய் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அது தோசைக்கல்லாகிவிடும். குழி மூடும் வேலை போனது, துடைப்பத்தால் பிளாஸ்டிக் இழைகளை நிமிர்த்தும் வேலை வந்தது. செருப்பு மட்டும் பாதையோரத்திலேயே கிடந்தது. கோவிந்தப்பாவிடம் கேட்டார்கள். செருப்பில் ஒட்டிய கல் இழையை அறுத்துவிடும் என்று பாய்க் கம்பெனிக்காரன் சொல்லியிருக்கிறான், சட்டம் சட்டம்தான் என்றான். பெண்கள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று துடைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ கூத்து என்று தோன்றும். ஒரு மெம்பர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்தார்.

பாஞ்சாலி மட்டும் காலை மாற்றாமல் நின்றாள். எனக்குச் சூடே தெரியல என்றாள். வலுவான உடம்பு என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

அந்த வாரம்தான் ஆஞ்சலா துணிந்து சஞ்சயிடம் போனாள். அவர் தனியாக நின்று கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தார். பாய் சுடுகிறது சார், நிற்க முடியவில்லை என்று இங்கிலீஷிலேயே சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கமிட்டியில் கட்டாயம் பேசுகிறேன் என்றார். அன்று சாயங்காலம் முழுக்க அவளுக்கு மனம் லேசாக இருந்தது.

அவர் பேசத்தான் செய்தார். சூட்டில் ஷூவின் பசை இளகுகிறது, நின்று குறிபார்க்க முடியவில்லை, பந்தைப் பொறுக்கக் குனிந்தால் முகத்தில் அனல் அடிக்கிறது என்று கமிட்டியில் விளக்கமாகச் சொன்னாராம். கமிட்டி உடனே தீர்வு கண்டது. வெயில் நேரத்தில் ஒவ்வொரு மேடைக்கும் ஒரு பெண் நிற்க வேண்டும். ஒவ்வொரு கோஷ்டி வரும்முன்னும் பாயில் தண்ணீர் தெளித்துத் துடைத்துச் சூட்டைத் தணித்துவைக்க வேண்டும். தண்ணீர் படும் வரை அந்தச் சூட்டில் நிற்பவள் வெறுங்காலோடு நிற்க வேண்டும். முன்பு காலையில் வந்து போன வேலை இப்போது உச்சிவெயிலுக்கு மாறியது.

கோவிந்தப்பா இதை அறிவித்தபோது ஆஞ்சலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாயிலிருந்து போன ஒரு சொல் அந்த மனிதரின் வாய் வழியாகத் திரும்பி வந்து பாஞ்சாலியின் காலடியில் விழுந்திருப்பதை அவள் பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை. ஏமாற்றவில்லை. அவள் சொன்ன சூட்டை அவர் தன் காலில் மட்டுமே உணர்ந்தார். அவ்வளவுதான். அதுதான் அவளுக்குக் குமட்டியது.

பாஞ்சாலிக்கு நாலாவது மேடை. அங்கே மரநிழல் இல்லை. சித்திரை வெயில் உச்சியில் நின்ற ஒரு மத்தியானம், குழாயில் தண்ணீர் வராமல் போனது. தண்ணீர் வரும் வரை இழையாவது நிமிர்ந்திருக்கட்டும் என்று கோவிந்தப்பா சொல்லிவிட்டுப் போனான். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். சர்க்கரை நோய் அவள் உள்ளங்காலின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. கால் வெந்துகொண்டிருப்பதை அவளுக்குச் சொல்ல அவள் காலால் முடியவில்லை.

லாயிட் ஓட்டிய வண்டியில் சஞ்சயும் இன்னொருவரும் வந்து இறங்கினார்கள். பாஞ்சாலி ஒதுங்கினாள். அவள் நின்ற இடத்திலிருந்து ஓரம் வரை பாயில் ஈரமான தடங்கள். சஞ்சய் குனிந்து பந்தை வைக்கப்போனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பிளாஸ்டிக் இழையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையாக, ஈரமாக, சுருண்டு.

முகத்தைத் திருப்பிக்கொண்டு, அருவருப்பு என்றார். அதே சொல். அதே குரல். இதைத் துடை என்று லாயிடிடம் சொன்னார்.

மட்டையைத் துடைக்கும் துண்டோடு லாயிட் மண்டியிட்டான். கையில் எடுத்த பிறகுதான் அது தோல் என்று தெரிந்தது. உள்ளங்காலின் தோல். நிமிர்ந்து பார்த்தான். ஓரத்தில் பாஞ்சாலி, என்ன ஆயிற்று என்று புரியாமல், துடைப்பத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். சஞ்சயோடு வந்தவர் அதற்குள் பந்தை வைத்துவிட்டார். அடித்தார். நல்ல அடி என்று சஞ்சய் பாராட்டினார்.

முன்பெல்லாம் பெண்கள் பாயைத் திட்டும்போது லாயிட் கேலி செய்திருக்கிறான். மணல் பை சுமக்கும் வேலை மிச்சம், எனக்குப் பாய்தான் ராசி என்பான். அன்று அவன் அந்தத் துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். வேறு எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். இரண்டு காலும் வெந்திருந்தன. இடது காலில் கொஞ்சம் பரவாயில்லை. வலது கால் ஆறுவது கஷ்டம், சதை அழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மறுநாள் கோவிந்தப்பா மரத்தடிக்கு வந்து, கேள்வி கேட்பவர் யாரும் இல்லாத பக்கமாகப் பார்த்துக்கொண்டு, பாஞ்சாலி இனி வர வேண்டாம் என்று சொன்னான். வியாதியை மறைத்து வேலை செய்தாள் என்று காண்ட்ராக்டர் சொல்கிறாராம். நாலாவது மேடைக்கு வேறு யார் போகிறீர்கள்?

யாரும் எழுந்திருக்கவில்லை. அவன் கன்னடத்தில் கேட்டான். கெலசா பேக்கா, பேடவா? வேலை வேண்டுமா, வேண்டாமா? மேலே கிளையில் காகம் ஒன்று அலகைத் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம்தான் கேட்டது. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

இத்தனை நாளும் பெண்கள் மெம்பர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாயில் முழங்கை இருந்தது, ஷூ இருந்தது, பூமித்தாயும் இருந்தாள். பாஞ்சாலி இல்லை. இருக்கவும் முடியாது. இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆஞ்சலா எழுந்து பாதையோரம் போனாள். வரிசையில் கிடந்த தன் செருப்பை மாட்டிக்கொண்டாள். பாயின் மேல் ஏறினாள். நடுவில் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். மைதானத்தில் அப்போது ஆட்டக்காரர்கள் இல்லை. பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை பெரிய ஆட்டம்," என்றாள். "அன்னிக்கு எல்லாரும் இருப்பாங்க."

லட்சுமம்மா தன் செருப்பைத் தேடினாள். "நாய் தூக்கிட்டுப் போன செருப்புக்குப் பதிலா வாங்கினது," என்றாள். "இன்னும் புதுசாத்தான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது முதல் மேடையைச் சுற்றிக் கொடிகளும் குடைகளும் இருந்தன. காபி மணத்தது. மெம்பர்கள் மனைவி மக்களோடு வந்திருந்தார்கள். கேப்டன் நரேஷ் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ கேங் பெண்கள் பின்பாதை வழியாக வந்தார்கள். பாதையோரத்தில் நிற்கவில்லை. அப்படியே ஏறினார்கள். ரப்பர்ச் செருப்புகள் பிளாஸ்டிக்கின் மேல் சரசரத்தன. பாயை நிறைத்து வரிசையாக நின்றார்கள்.

கோவிந்தப்பா ஓடிவந்தான். செருப்பு, செருப்பு என்று கையை ஆட்டினான். அவனைத் தாண்டி நரேஷ் வந்தார். வேலைக்காரர்களிடம் பேசிக் கற்ற தமிழ் அவருடையது. ஒருமை மட்டும்தான் தெரியும்.

"என்னம்மா இது. செருப்பைக் கழட்டிட்டுக் கீழ இறங்கு. ஆட்டம் ஆரம்பிக்கணும்."

"பாய் சுடுது சார்," என்றாள் ஆஞ்சலா.

"காலையில எங்க சுடுது?"

"மத்தியானம் சுடும். அப்போ சொல்லலாம்னா நீங்க ஏசி ரூம்ல இருப்பீங்க."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரித்தது ஒரு மெம்பரின் மனைவி. நரேஷின் காது சிவந்தது. என்ன வேண்டும் என்று கேட்டார். ஆஞ்சலா சொன்னாள். செருப்பு காலிலேயே இருக்கும். பாஞ்சாலியின் வைத்தியத்தைக் கிளப் பார்க்க வேண்டும், கால் ஆறியதும் வேலை அவளுக்கு உண்டு. பாய் வந்தாலும் போனாலும் எங்களில் ஒருத்தியையும் நிறுத்தக் கூடாது.

"அந்தப் பாஞ்சாலி எங்க ஆளே இல்ல. காண்ட்ராக்ட் ஆள். காண்ட்ராக்டர்கிட்டப் போய்ப் பேசு."

லட்சுமம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

"செருப்பு கழட்டுன்னு சொல்றப்ப உங்க ஆளு. கால் வெந்தா காண்ட்ராக்ட் ஆளா?"

நரேஷ் காவலாட்களைப் பார்த்தார். அவர்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சஞ்சய் வந்தார். கனிவான குரலில் இங்கிலீஷில் சொன்னார், இந்தப் பாய் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம், ஆனால் இது முறையல்ல என்று.

ஆஞ்சலா தமிழிலேயே சொன்னாள். "உங்க முழங்கையைப் பத்தி நீங்க பேசுங்க சார். எங்க காலைப் பத்தி நாங்க பேசிக்கறோம். இனிமே நீங்க எங்களுக்காகப் பேச வேணாம்."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் பார்வை அவளுடைய செருப்பின் மேல் போய் நின்றது. முகம் லேசாகச் சுளித்தது. அவள் அந்தச் சுளிப்பை நன்றாகப் பார்த்தாள். முன்பு அதற்காகத்தான் பயந்து ஒதுங்கியிருந்தாள். இப்போது அது அவளை ஒன்றும் செய்யவில்லை.

அப்போது வாசல் பக்கமிருந்து பேட்டரி வண்டியின் ரீங்காரம் கேட்டது. மெம்பர்கள் மட்டுமே ஏறும் வண்டி. லாயிட் ஓட்டிவந்தான். முன்சீட்டில் பாஞ்சாலி, வெளுத்த நீலப் புடவையில், கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஆட்டோவை உள்ளே விடவில்லை, அதனால் இதில் ஏற்றிவந்தேன் என்று பொதுவாக எல்லாருக்கும் சொன்னான். இறங்கு என்று நரேஷ் சொன்னார். லாயிட் இறங்கினான். மறுபக்கம் போய்ப் பாஞ்சாலிக்குத் தோள் கொடுத்தான்.

அவள் வலது காலில் முழங்கால் வரை பெரிய கட்டு. இடது காலின் கட்டுக்கு மேல், வார் அறுந்து ஊக்கு குத்திய பழைய செருப்பு. அந்த ஒரு செருப்போடு மேடையில் ஏறினாள். பெண்கள் வரிசையில் இடம் விட்டார்கள்.

லாயிட் திரும்பி வந்து, வண்டியின் பின்னாலிருந்த கோல்ஃப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் படுக்கவைத்தான். பை சுமக்கும் மற்ற ஆட்கள் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தன் தோளிலிருந்த பையை இறக்கினான். பக்கத்தில் நின்றவன் தயங்கினான். அந்தப் பைக்குரிய மெம்பரைப் பார்த்தான். பிறகு அவனும் இறக்கினான்.

நரேஷ் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தள்ளிப்போனார். போலீசா, காண்ட்ராக்டரா, யாரை அழைக்கிறார் என்று தெரியவில்லை. நாளைக்கு வேலை இருக்குமா என்றும் தெரியாது. காபி ஆறிக்கொண்டிருந்தது. மெம்பர்கள் தங்களுக்குள் அபிப்பிராயம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆஞ்சலா காதைக் கொடுக்கவில்லை.

வெயில் குடைகளைத் தாண்டி மேடைக்கு ஏறியது. பச்சை இழைகள் மினுங்கின. ரப்பரின் நெடி மெல்ல எழுந்தது. பாஞ்சாலி ஆஞ்சலாவின் தோளைப் பிடித்து நின்றபடி குனிந்து, வரிசையில் இருந்த கால்களைப் பார்த்தாள்.

"சுடுதாடி?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லக்கா," என்றாள் ஆஞ்சலா. "சுட்டாலும் நிக்கலாம்."